கார்த்தேஜின் கற்களும் இப்னு கல்தூனின் பாடமும்

பூமியில் பயணம் செய்து, முன்சென்ற சமூகங்களின் முடிவு எவ்வாறு அமைந்தது என்பதைக் காணுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் மனிதனை அழைக்கிறது. அவ்வழைப்பை மனத்தில் கொண்டு ஓர் இடிபாட்டின் முன் நிற்கும்போது, நாம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். எத்துணை பெரியது என்று வியந்து, படமெடுத்துத் திரும்புகிறோம். அல்லது, அகந்தை கொண்டோர் அழிந்தனர் என்று ஒரே வரியில் பாடத்தை முடித்துவிடுகிறோம். இதைக் கட்டியோர் யார், எவ்வாறு கட்டினர், யாருடைய கைகளால் இது சிதைந்தது என்ற கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன.

இக்கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொடுத்த ஓர் ஆசிரியர் நமக்கு உண்டு. அவர் துனீசியாவின் தூனிஸ் நகரில் 1332ஆம் ஆண்டு பிறந்து, 1406ஆம் ஆண்டு கெய்ரோவில் மறைந்த பேரறிஞர் இப்னு கல்தூன். இளமையில் அவர் கண்ட ரோமானியக் கற்களை இன்றும் தூனிஸிலிருந்து ரயிலேறிச் சென்று, ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். குடும்பத்துடன் துனீசியா செல்லும் வாய்ப்பு அமைந்தால், அந்த ஒரு நாளை எவ்வாறு திட்டமிடலாம் என்பதையும், அக்கற்களை எவ்வாறு வாசிக்கலாம் என்பதையும் இங்கே காண்போம்.

சிலையிலிருந்து ரயில் நிலையத்திற்கு

தூனிஸின் அகன்ற சாலையாகிய ஹபீப் பூர்கீபா சாலையின் மேற்கு முனையில் இப்னு கல்தூனின் சிலை நிற்கிறது. கிழக்கு முனையில் தூனிஸ் மரீன் ரயில் நிலையம் உள்ளது. இடைப்பட்ட தூரம் இருபது நிமிட நடை. காலை வெயில் ஏறுமுன் புறப்படுவது நலம். தொப்பியும், போதிய குடிநீரும், நடப்பதற்கேற்ற காலணியும் அவசியம். இடிபாடுகள் ஓரிடத்தில் குவிந்திராமல், வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் இடையே பரவிக் கிடக்கின்றன.

இந்த ரயில் பாதை 1872ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. துனீசியாவின் முதல் ரயில் பாதை இதுவே. புறப்பட்ட சிறிது நேரத்தில் வண்டி தூனிஸ் ஏரியின் நடுவே அமைந்த கரைமீது செல்லும்; இரு பக்கமும் நீர். பிள்ளைகளை அப்போது சன்னலோரம் அமரவையுங்கள். நாள் முழுதும் காணவிருக்கும் வரலாற்றில் பாதி இந்த ஏரியில்தான் இருக்கிறது.

கார்த்தேஜ், ஃபினீசிய வணிகர்கள் கடலோரத்தில் அமைத்த நகரம். கி.மு. 146இல் ரோமானியர் அதனைத் தரைமட்டமாக்கினர். நிலத்தில் உப்பைத் தூவினர் என்று பலரும் சொல்லும் கதை பண்டைய நூல்கள் எதிலும் இல்லை, பிற்காலத்தில் சேர்ந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே ரோமானியர் அதே இடத்தில் புதிய நகரத்தை எழுப்பினர். அது ஆப்பிரிக்க மாகாணத்தின் தலைநகராகி, ரோமுக்குத் தானியம் அனுப்பும் துறைமுகமாக வளர்ந்தது. 439இல் வாண்டல்களும், 533இல் பைசாந்தியரும் அதனைக் கைப்பற்றினர். உமய்யா ஆட்சியில் தளபதி ஹஸ்ஸான் இப்னு நுஃமான் 698ஆம் ஆண்டளவில் அதனை வென்றபோது, நகரம் தன் பழைய பெருமையில் பெரும்பகுதியை ஏற்கெனவே இழந்திருந்தது.

வென்றவர் அங்கே தங்கவில்லை. திறந்த கடலை நோக்கி நிற்கும் நகரம் பைசாந்தியக் கப்பற்படைக்கு எளிய இலக்கு. எனவே ஏரிக்கு உட்புறம் பாதுகாப்பாக அமைந்திருந்த தூனிஸைத் தேர்ந்தெடுத்து, அங்கே கப்பல் கட்டும் தளத்தை நிறுவினார். நாம் ரயிலில் கடக்கும் அந்த நீர்ப்பரப்பே ஒரு நகரத்தின் வாழ்வையும் மற்றொன்றின் ஓய்வையும் முடிவு செய்தது.

நிலத்தடித் தூண்கள்

பெயரில் கார்த்தேஜைத் தாங்கிய நிலையங்கள் ஆறு உள்ளன. அவற்றில் கார்த்தேஜ் ஹன்னிபால் நிலையத்தில் இறங்குவது வசதி. தூனிஸிலிருந்து ஏறத்தாழ அரைமணி நேரப் பயணம். ஒரே நுழைவுச்சீட்டு பல இடங்களுக்கும் செல்லுபடியாகும். ஒவ்வோர் இடத்திலும் கேட்பார்கள் என்பதால் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கடலை நோக்கி இறங்கினால், அந்தோனினஸ் பேரரசர் காலத்தில், 2ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிமுடிக்கப்பட்ட குளியல் மாளிகை வரும். ஆப்பிரிக்காவில் ரோமானியர் கட்டிய குளியல் மாளிகைகளுள் இதுவே மிகப் பெரியது. இன்று நாம் காண்பது பெரும்பாலும் பணியாளர்கள் நடமாடிய கீழ்த்தளம் மட்டுமே. மேலிருந்த மண்டபங்கள் மறைந்துவிட்டன. மீட்டு நிறுத்தப்பட்ட ஒற்றைத் தூண் ஏறத்தாழ 15 மீட்டர் உயரம். அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் இழந்த கூரை எங்கே இருந்திருக்கும் என்பது புரியும். அருகில் குடியரசுத் தலைவர் மாளிகை இருப்பதால், அத்திசையில் படமெடுக்கத் தடை உண்டு.

அங்கிருந்து ரோமானிய இல்லங்களின் எச்சங்களைக் கண்டு, ஒதியோன் குன்றிலுள்ள மாலிக் இப்னு அனஸ் பள்ளிவாசலில் லுஹர் தொழலாம். 2003இல் திறக்கப்பட்ட அப்பள்ளி, கார்த்தேஜ் இடிபாடுகளின் நகரம் மட்டுமன்று, மக்கள் வாழும் ஊரும்கூட என்பதை உணர்த்தும்.

நீர் வந்த வழி

தொழுகைக்குப் பின் மல்கா நீர்த்தொட்டிகளை நோக்கி நடக்க வேண்டும். பயணிகள் பலர் இவ்விடத்தைத் தவிர்த்துவிடுகின்றனர். உண்மையில் அன்றைய நாளின் மையம் இதுவே. அடுத்தடுத்து அமைந்த நீண்ட தொட்டிகள் இவை. ஸக்வான் மலைப்பகுதி ஊற்றுகளிலிருந்து, கிளைகளையும் சேர்த்து ஏறத்தாழ 132 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் இங்கே நீரைக் கொண்டுவந்தது. மலையில் நிலத்தடியாகவும், தாழ்ந்த சமவெளியில் உயர்ந்த வளைவுகளின் மீதும் அது ஓடியது.

அவ்வளைவுகளைத்தான் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் பேசுகிறார். தூனிஸ் மக்கள் கட்டடம் எழுப்பக் கல் தேடியபோது, கொத்தர்கள் அவ்வளைவுகளின் கற்களை விரும்பினர். நாள்கணக்கில் பாடுபட்டும் சுவரில் சிறு பகுதியே பெயர்ந்தது. அதைக் காணக் கூட்டம் கூடும். அத்தகைய கூட்டங்கள் பலவற்றைத் தம் இளமையில் கண்டதாக அவர் எழுதுகிறார்.

அக்காட்சியிலிருந்து அவர் இரண்டு முடிவுகளுக்கு வந்தார். முதலாவது: கட்டுவதைவிட இடிப்பது எளிது. இடிக்கவே ஓர் அரசால் இயலவில்லையென்றால், கட்டிய ஆற்றல் எத்துணை பெரிதாக இருந்திருக்க வேண்டும்! அது ஓர் ஆட்சியின் உழைப்பாக இருக்க முடியாது. பல ஆட்சிகள் தொடர்ந்து உழைத்திருக்க வேண்டும். இரண்டாவது: இவற்றைக் கட்டியோர் இராட்சத உடல் கொண்டவர்கள் என்று கதைசொல்லிகள் பரப்பியது தவறு. ஸமூது கூட்டத்தார் பாறையில் குடைந்த வீடுகளும் வாசல்களும் நம்முடையவற்றின் அளவினவே என்று அவர் சுட்டுகிறார். பெரிய கட்டடத்துக்குக் காரணம் பெரிய உடலன்று. ஒன்றுகூடிய கைகளும், எடையைத் தூக்கும் பொறிகளும், அவற்றை ஒருங்கிணைத்த ஆட்சியுமே.

இதை எழுதியவர் அழிவை ஏட்டில் மட்டும் படித்தவரல்லர். 1348-49ஆம் ஆண்டுகளில் தூனிஸைத் தாக்கிய கொள்ளைநோயில், பதினேழு வயதளவில், தம் பெற்றோரையும் ஆசிரியர் பலரையும் இழந்தவர். நகரங்கள் வெறுமையாவதைக் கண்ணால் கண்டவருக்கு, இடிபாடு வேடிக்கைப் பொருளாக இருக்கவில்லை. மனிதக் கூட்டுறவு எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு தளர்கிறது என்பதை ஆராயும் கல்வியாகவே அது அவருக்கு இருந்தது.

நம் பங்கும் உண்டு

இங்கே நாம் மறைக்கக் கூடாத ஓர் உண்மை உண்டு. கார்த்தேஜின் கற்களை எடுத்தவர்களுள் முஸ்லிம்களும் அடங்குவர். 12ஆம் நூற்றாண்டின் புவியியல் அறிஞர் அல்-இத்ரீஸி, அங்கே பளிங்கு தோண்டி எடுக்கப்பட்டு வெளிநாடுகளுக்குச் சென்றதைப் பதிவுசெய்துள்ளார். எனினும் கதை அத்துடன் முடியவில்லை. 13ஆம் நூற்றாண்டில் ஹஃப்ஸி சுல்தான் அல்-முஸ்தன்ஸிர், ரோமானியரின் அதே நீர்க்கால்வாயைச் செப்பனிட்டு, தூனிஸுக்கு நீர் கொண்டுவந்தார். அவர் காலத்தில்தான், 1270இல், பிரான்சின் மன்னர் ஒன்பதாம் லூயி சிலுவைப் படையுடன் கார்த்தேஜில் இறங்கி, அங்கேயே நோயுற்று இறந்தார். மீண்டும் எதிரி தங்க இடமிருக்கக் கூடாதென்று சுல்தான் எஞ்சிய அரண்களை இடித்தார். காத்தவரும் அவரே, இடித்தவரும் அவரே. 'அவர்கள் கட்டினர், இவர்கள் அழித்தனர்' என்று இரு அணிகளாகப் பிரித்துச் சொல்லும் வரலாறு இந்த ஊரில் பொருந்தாது.

தொட்டிகளிலிருந்து வட்டரங்கின் எச்சத்தைக் கண்டு, பிர்ஸா குன்றின்மேல் ஏறினால் ஏரியும் கடலும் பழைய துறைமுகமும் ஒருசேரத் தெரியும். குன்றின்மேலுள்ள அருங்காட்சியகம் புதுப்பிப்புக்காக நெடுநாள் மூடப்பட்டிருந்தது; திறந்துள்ளதா என்று முன்னதாக விசாரித்துக்கொள்வது நல்லது. பின்னர் ஹன்னிபால் நிலையத்துக்கு இறங்கித் திரும்பு ரயிலைப் பிடிக்கலாம்.

தூனிஸ் வந்ததும் ஓய்வெடுக்கச் சென்றுவிடாமல், பழைய நகருக்குள் நடந்து ஸைத்தூனா பெரும் பள்ளிவாசலை அடையுங்கள். 9ஆம் நூற்றாண்டில் அக்லபி ஆட்சியாளர்கள் இன்றைய வடிவில் அதைக் கட்டினர். தொழுகைக் கூடத்தின் தூண்களில் பல, கார்த்தேஜ் போன்ற பழைய கட்டடங்களிலிருந்து வந்தவை. அவற்றின் தலைப்பகுதிகள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். எந்த மண்டபத்தையோ தாங்க ரோமானியக் கொத்தர் செதுக்கிய கல், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஸஜ்தா செய்வோரின் தலைக்குமேல் கூரையைத் தாங்கி நிற்கிறது.

அத்தூண்களிடையே மஃரிப் தொழுதபின், அன்று காலை கேட்ட கேள்வியைப் பிள்ளைகளிடம் மீண்டும் கேட்டுப் பாருங்கள்: இவ்வளவு பெரியதைக் கட்டியவர்கள் யார்? இராட்சதர்கள் அல்லர், நம்மைப் போன்ற உயரமுள்ளவர்கள்தாம், ஒன்றுசேர்ந்திருந்தார்கள் என்ற விடை அவர்களிடமிருந்து வந்தால், அப்பயணம் நிறைவேறிற்று. ஒன்றுசேர்வது நின்றபோது என்னவாயிற்று என்பதையும் அவர்கள் அன்று பகல் முழுதும் கண்டிருப்பார்கள்.