‘டீச்சர், யார்கிட்டயும் சொல்லாதீங்க’: ஒரு பிள்ளை இப்படிச் சொன்னால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?

கேமரன் மலையில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஓய்வு மணி அடித்ததும் எல்லாரும் கேன்டீனுக்கு ஓடுகிறார்கள். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் ஆசிரியரின் மேசை அருகே நிற்கிறாள். “டீச்சர், ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

நீங்கள் ஆசிரியராக இருக்கலாம், பயிற்சி ஆசிரியராக இருக்கலாம், மாலையில் டியூஷன் எடுக்கும் அக்காவாகவோ அண்ணனாகவோ இருக்கலாம். இந்த வார்த்தை ஒருநாள் உங்களிடமும் வரலாம். அப்போது உங்கள் வேலை மூன்றுதான்: கேட்பது, எழுதி வைப்பது, புகார் செய்வது. உண்மையா பொய்யா என்று விசாரிப்பது உங்கள் வேலை இல்லை.

தோட்டத்தில் ஏன் கூடுதல் சிக்கல்?

1920களின் இறுதியில் இங்கே தேயிலைத் தோட்டங்கள் உருவானதிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் இந்த மலையில் வாழ்கின்றன. இன்று பலர் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைவு. 150 அல்லது அதற்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளியைக் கல்வி அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என வகைப்படுத்துகிறது.

சின்ன இடத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பிள்ளை பெயர் சொல்லும் ஆள் பக்கத்து வீட்டு மாமாவாக இருக்கலாம், அப்பாவுக்கு வேலை கொடுப்பவராக இருக்கலாம். தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும் என்ற பயம் பெற்றோருக்கு உண்டு. அதனால்தான் “கோயில்ல வச்சு பேசித் தீர்த்துக்கலாம்” என்ற பேச்சு சீக்கிரம் வந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017, பிரிவு 19: 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவருக்கு எதிராக இப்படிப்பட்ட குற்றம் நடந்தது அல்லது நடக்கப்போகிறது என்ற தகவலை அருகிலுள்ள காவல் நிலையத்தில் கொடுக்கத் தவறுவதே குற்றம். அபராதம் 5,000 ரிங்கிட் வரை. இது ஆசிரியருக்கு மட்டுமல்ல, யாருக்கும் பொருந்தும். ‘குடும்பங்கள் சமாதானமாகிவிட்டன’ என்பது புகார் செய்யாமல் இருக்கக் காரணம் ஆகாது.

அடி, பட்டினி, கைவிடுதல் போன்றவை சிறார் சட்டம் 2001-இன் கீழ் வரும். பிரிவு 31-இன்படி பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

குற்றம் சாட்டப்படுபவர் ஆசிரியராகவே இருந்தால்? 2017 சட்டம் ஆசிரியரை ‘நம்பிக்கைக்குரிய உறவில்’ உள்ளவராகப் பார்க்கிறது. குற்றம் உறுதியானால், அந்தக் குற்றத்துக்கான தண்டனையோடு கூடுதலாக 5 ஆண்டு வரை சிறையும், இரண்டுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு.

தமிழ்நாட்டிலும் இதே பாடம்தான். 2021 நவம்பரில் கோயம்புத்தூரில் பிளஸ் டூ மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆசிரியர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைதானார். புகார் தெரிந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் பள்ளி முதல்வரும் கைது செய்யப்பட்டார்.

அந்த முதல் ஐந்து நிமிடம்

• “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீங்க. காப்பாற்ற முடியாத வாக்கு அது. “உன்னைப் பாதுகாக்க யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன்” என்று சொல்லுங்க.

• “நீ சொன்னது நல்லது. தப்பு உன்னுது இல்ல.” இந்த இரண்டு வரி போதும். அதிர்ச்சியை முகத்தில் காட்டினால் பிள்ளை அதோடு நிறுத்திவிடும்.

• “மாமாதானே? இங்கதானே தொட்டாரு?” என்று பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீங்க. “அப்புறம் என்ன ஆச்சு?” போன்ற திறந்த கேள்வி ஒன்றிரண்டு போதும்.

• வகுப்பு முன்னால் கேட்க வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு நேருக்கு நேர் நிறுத்தவே வேண்டாம்.

எழுதும்போது எந்த மொழி?

இருமொழி பேசும் நமக்கு இது முக்கியம். போலீஸ் புகார் மலாயில் பதிவாகும். ஆனால் பிள்ளை சொன்னது தோட்டத்துத் தமிழில் இருக்கும். உடல் உறுப்புக்கு வீட்டில் பழகிய செல்லப் பெயரைச் சொல்லியிருக்கும். அதை நாகரிகமான சொல்லாக மாற்றினால் அர்த்தமும் மாறிவிடலாம். எனவே பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே தமிழில் எழுதுங்க. தேதி, நேரம், இடம், நீங்கள் கேட்ட கேள்வி எல்லாம் அதில் இருக்கட்டும். மலாய் விளக்கத்தைத் தனியாகக் கீழே எழுதலாம்.

அதன் பிறகு?

பள்ளி நடைமுறைப்படி தலைமையாசிரியரிடம் அன்றே தெரிவியுங்க. அவர் “பொறுத்துப் பார்ப்போம்” என்றாலும், புகாரே அவர் மேல் என்றாலும், போலீசுக்குப் போக உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பாலியல் வன்முறை அண்மையில் நடந்திருந்தால், குளிப்பாட்டாமல், உடையைத் துவைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த மாவட்டத்தின் அரசு மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது.

இத்தகைய வழக்குகளை போலீசில் டி11 என்ற பிரிவு விசாரிக்கிறது. சிறார் சாட்சியச் சட்டம் 2007, பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிவு செய்ய அனுமதிக்கிறது. அதற்கு முன்பே ஐந்தாறு பெரியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தால் பிள்ளை குழம்பும், வழக்கும் பலவீனமாகும்.

“சின்னப் பிள்ளை பேச்சை யார் நம்புவா?” என்று கேட்பவர்களுக்கு: 2017 சட்டத்தின்படி, வேறு சாட்சியம் இல்லாமலேயே ஒரு பிள்ளையின் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்றுத் தீர்ப்பளிக்க முடியும்.

“பிள்ளையைப் பிரிச்சிடுவாங்களா?”

பெற்றோரின் பெரிய பயம் இது. புகார் செய்த உடனே பிள்ளையை எடுத்துப் போவதில்லை. பாதுகாப்பு தேவை என்று சமூக நலத்துறையின் பாதுகாவல் அதிகாரி கருதினால் மட்டுமே தற்காலிகமாக அழைத்துச் செல்வார். அப்படிச் செய்தாலும் 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் பிள்ளையைக் கொண்டுவர வேண்டும்.

வாட்ஸ்அப்பில் பகிராதீங்க

பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், படம், முகவரி, பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது சிறார் சட்டம், பிரிவு 15. தோட்டத்து குரூப்பில் “அந்த வீட்டுப் பிள்ளைதான்” என்று ஒரு வரி போட்டாலே போதும், மறுநாள் அந்தப் பிள்ளையால் பள்ளிக்கு வர முடியாது.

உதவிக்கு

ஆபத்து இப்போதே என்றால் 999. ஆலோசனைக்கும் புகாருக்கும் தாலியான் காசே 15999, நாள் முழுக்க 24 மணி நேரமும். நீங்கள் ஆசிரியராக இல்லாவிட்டாலும், ஏன், நீங்களே பள்ளி மாணவராக இருந்தாலும், இந்த எண்ணைக் கூப்பிடலாம்.