கூந்தற் பேணலும் கூந்தற் சாயமும்

இராயபுரம், திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் எனத் தொடரும் வடசென்னைக் கரையின் பெட்டிக்கடைகளில் இன்று கூந்தற் சாயம் சிறு உறைகளில் விற்கப்படுகின்றது. அவற்றுட் பல 'மருதாணி' எனும் பழம்பெயரையே தாங்கியுள்ளன. பெயர் நிற்கப் பொருள் மாறிய வரலாற்றினை ஈண்டு ஆராய்வோம்.

நரைபற்றிய பழஞ்சான்றுகளுள் தலைசிறந்தது புறநானூற்று 191-ஆம் பாட்டு. யாண்டு பலவாகியும் நரையின்மைக்கு மனைவி மக்களின் மாண்பு, ஏவலர் பண்பு, அரசனின் காவல், ஊர்ச் சான்றோரின் அடக்கம் ஆகியவற்றையே பிசிராந்தையார் காரணமாகக் காட்டுகின்றார். மருந்தையோ சாயத்தையோ அன்று. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி தன் கூந்தலை நறுநீரில் ஆட்டிப் புகையூட்டி உலர்த்துகின்றாள். அந்நீரில் ஊறிய துவர் பத்தினுள் பூவந்தி, கடுக்காய், நெல்லி, தான்றி முதலியன அடங்கும் என்பது அடியார்க்குநல்லார் உரையால் விளங்கும். அழுக்கு நீக்கலும், மணமூட்டலும், ஈரம் புலர்த்தலும் ஒரே வரிசையில் அமைந்த பேணல் முறை இது.

நிறமூட்டுதற்கு மருதாணியும் அவுரியும் பயன்பட்டன. மருதாணி செந்நிறம் தரும். அதன்மேல் அவுரி இடின் நீலங்கூடிக் கருமை தோன்றும். இவை மயிரிழையின் மேலோட்டினைப் பிளவாமலே பற்றுவன. தென்னார்க்காடு, கடப்பை, நெல்லூர் ஆகியவற்றில் விளைந்த அவுரியின் நீலம் சென்னைக் கரையினின்று கப்பலேறியது.

இராயபுரத்தினின்று தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி புறப்பட்ட 1856-ஆம் ஆண்டிலேயே, இலண்டனில் பெர்க்கின் நிலக்கரித்தார்ப் பொருளினின்று செயற்கைச் சாயம் கண்டார். 1897-இல் செருமானியச் செயற்கை நீலம் சந்தைக்கு வர, அவுரித் தொழில் நலிந்தது. 1907-இல் பிரெஞ்சு வேதியியலார் ஷுல்லர் செயற்கைக் கூந்தற் சாயம் ஒன்றினை ஆக்கினார்.

இக்காலத்து நிலைச்சாயம் செயற்படும் முறை முற்றிலும் வேறு. அம்மோனியா மயிரின் மேற்செதில்களை விரிக்கும். ஐதரசன் பெராக்சைடு இயல்நிறத்தை வெளிறச் செய்யும். பாரா-பினைலின்டையமின் உட்புகுந்து நிறமாகும். அடிக்கடி இவ்வாறு செய்யின் மயிர் புரதம் இழந்து வறண்டு முறியும். எனவே முழுக்கூந்தலுக்கும் மீள மீள இடாது, புதிதாய் வளர்ந்த அடிப்பகுதிக்கு மட்டும் இடுதலே தக்கது. தலைமுழுகுமுன் தேங்காயெண்ணெய் தடவுதல் மயிரின் புரத இழப்பைக் குறைக்கும் என 2003-இல் வெளிவந்த ஆய்வொன்று நிறுவியது. பழைய எண்ணெய் வழக்கிற்கு இது வலுவூட்டுகின்றது.

இனி, பெயர் மயக்கத்தின் இடர் யாது? 'கருமருதாணி' என விற்கப்படும் தூள்கள் சிலவற்றுள் அப்பினைலின்டையமினே கலந்துள்ளது. அது சிலர்க்குத் தோலில் கொப்புளத்தையும் முகவீக்கத்தையும் விளைக்கும். மருதாணி இலைமட்டும் கருநிறம் தாராது. ஆதலின் விரைந்து கறுக்கும் 'மருதாணி' ஐயத்திற்குரியது. உறையில் அச்சிட்ட கூறுகளைப் படித்து, நாற்பத்தெட்டு மணிநேரம் முன்னரே தோலில் சிறிது இட்டுச் சோதித்தல் இன்றியமையாதது. சொல்லின் பழமையைப் பொருளின் தூய்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்பதே இவ்வாராய்ச்சியின் முடிபு.