எழுதுதலும் வரைதலும்: எல்லைப்புறத்தில் வனப்பெழுத்தின் வேர்கள்

இடுக்கி மாவட்டத்து மறையூரில் ‘எழுத்துக்குகை’ என்னும் பாறை ஒதுக்கிடம் ஒன்றுண்டு. அது அறியப்படுவது அதன் பாறை ஓவியங்களுக்காகவே. பெயரில் பிழையில்லை. ‘எழுது’ என்னும் வினை தமிழிலும் மலையாளத்திலும் வரைதலையும் குறித்தது. கண்ணுக்கு மை எழுதுகிறோம். பாலக்காட்டுப் பகுதியிலும் பகவதியின் உருவத்தை அரிசிமாவு, மஞ்சள், கரி, இலைப்பொடி ஆகியவற்றால் தரையில் தீட்டும் சடங்குக்குக் ‘களமெழுத்து’ என்றே பெயர்.

கேலிகிராஃபி எனப்படும் வனப்பெழுத்தை இன்று பலர் பொழுதுபோக்காகப் பயில்கின்றனர். 1906இல் நூல் எழுதிப் பட்டைமுனைப் பேனாவுக்கு இங்கிலாந்தில் மறுவாழ்வு தந்த எட்வர்டு ஜான்ஸ்டன் முதல், இன்றைய தூரிகைப் பேனா வரை, இக்கலையின் அடிப்படை கோட்டின் தடிப்பு வேறுபாடு. கூர்முனையிலும் தூரிகையிலும் கீழிறங்கும் கோடு அழுத்தத்தால் தடிக்கும். மேலேறும் கோடு மெலியும்.

தமிழ் எழுத்தை இவ்வாறு எழுத முனைவோர் ஒரு சிக்கலை எதிர்கொள்கின்றனர். எழுத்தாணி மையைச் சிந்துவதில்லை, ஓலையைக் கீறுகிறது. கீறலின் தடிப்பு ஏறக்குறைய ஒரே சீரானது. நாரின் போக்கில் இழுக்கும் நேர்கோடு ஓலையைக் கிழிக்கும் என்பதால் வளைவுகள் பெருகின என்பர். புள்ளி ஓலையைத் துளைக்கும் என்பதால் அது பெரும்பாலும் விடப்பட்டது. ஆகவே எவ்விடத்தில் தடிக்க வேண்டும் என்பதற்கு ஓலை மரபில் விடையில்லை.

எனினும் வடிவத்திற்கு முன்மாதிரிகள் உண்டு. பாண்டிய நாட்டில் சோழர் ஆட்சிக்குப்பின் வட்டெழுத்தின் இடத்தைத் தமிழெழுத்து மெல்லப் பிடித்தது; கேரளத்திலோ வட்டெழுத்து நெடுங்காலம் வாழ்ந்தது. அதிலிருந்து கோலெழுத்தும் கிளைத்தது. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் வட்டெழுத்தோடு கூஃபி அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிக் கையொப்பங்களும் இடம்பெற்றுள்ளன. ஒரே ஆவணத்தில் பல எழுத்துகள் அருகருகே நிற்பது இம்மண்ணுக்குப் புதிதன்று.

அண்மைக்கால இழப்பும் இரு மொழிக்கும் பொதுவானது. 1971இல் மலையாள எழுத்து தட்டச்சுக்கும் அச்சுக்கும் ஏற்பச் சுருக்கப்பட்டது. கூட்டெழுத்துகள் பல பிரிக்கப்பட்டன. 1978இல் தமிழ்நாட்டரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை உள்ளிட்ட 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் நீங்கின. லகரத்தின் தலையில் துதிக்கைபோல் வளைந்த ஐகாரக் குறி அவற்றுள் ஒன்று. கற்பித்தலும் அச்சும் எளிதாயின. அழகிய வளைவுகள் சில மறைந்தன.

மலையாளத்தில் மீட்பு முயற்சி முன்னரே தொடங்கியது. 1999இல் உருவான ‘ரசனா’ இயக்கம் பழைய லிபியைக் கணினி எழுத்துருவில் மீட்டது. நாராயண பட்டதிரி போன்றோர் மலையாள எழுத்தையே ஓவியமாக்கினர். சித்தூரிலும் தேவிகுளத்திலும் இரு எழுத்துகளையும் படிக்கும் தமிழர் உள்ளனர். அவர்கள் கைக்கு அண்டை வீட்டு அனுபவம் அருகிலேயே இருக்கிறது.

பாடநூலிலும் அலுவல் தாளிலும் சீர்திருத்த வடிவமே நிலைபெற வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் ஓய்வுநேரத்தில் ஒருவர் எழுதும் தாளுக்கு அரசாணை பொருந்தாது. துதிக்கை ஐகாரமும் வட்டெழுத்தின் வளைவும் மீண்டும் ஒரு கையின் பழக்கமாவதற்கு அத்தாளே இடம். ஆங்கில வளைவுகளைத் தமிழெழுத்தின்மேல் போர்த்துவதா, தமிழெழுத்தின் சொந்த வளைவுகளைத் தேடுவதா என்பதே இக்கலையைப் பயில்வோர் முன்னுள்ள கேள்வி.