சமூகப் புத்தகக்குறித் தளங்கள்

தாம் படித்த இணையப் பக்கத்தின் முகவரியை ஒருவர் பிறரும் பார்க்கும்படி சேமித்து வைக்க இடம் தந்த சேவைகள் சமூகப் புத்தகக்குறித் தளங்கள் எனப்பட்டன. டெலிஷியஸ், டிக், ஸ்டம்பிள்அப்பான், ஜப்பானின் ஹதேனா புக்மார்க் ஆகியவை இவற்றுள் பெயர்பெற்றவை. 2003 முதல் ஏழெட்டு ஆண்டுகள், விளம்பரம் செய்யக் காசில்லாத வலைப்பதிவர்களுக்குப் புது வாசகர்கள் வந்துசேர்ந்த பெருவழிகளில் இவையும் ஒன்று. படிப்பவர் தம் வசதிக்காகச் சேமித்த தளங்கள் ஒருவகை வாசகரைத் தந்தன. பிறருக்குக் காட்டுவதற்காக ஓட்டுப் போட்ட தளங்கள் முற்றிலும் வேறுவகை வாசகரைத் தந்தன. இவற்றின் எழுச்சி, வீழ்ச்சி இரண்டையும் விளங்கிக்கொள்ள இந்த வேறுபாடு போதும்.

இணையத்தில் புத்தகக்குறிகளைச் சேமிக்கும் எண்ணம் பழையது. 1996 ஏப்ரலில் ஐடிலிஸ்ட் என்ற தளம் இதைச் செய்தது. 1999 வாக்கில் பேக்ஃபிளிப், பிளிங்க் முதலிய நிறுவனங்களும் களமிறங்கின. டாட்காம் சரிவைத் தாங்கி இவை பெரிதாக வளரவில்லை. சேமித்த முகவரிகளைக் கோப்புறைகளில் அடுக்கச் சொன்னதும் ஒரு குறைதான். சமையல் வேதியியல் பற்றிய கட்டுரையைச் சமையலில் போடுவதா, வேதியியலில் போடுவதா என்று கோப்புறை கேட்கும்.

அந்தக் கேள்வியே எழாமல் செய்தவர் ஜோஷுவா ஷாக்டர். மார்கன் ஸ்டான்லி நிதி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர், தமக்குப் பிடித்த சுட்டிகளை ஒரு சாதாரண உரைக்கோப்பில் சேர்த்து வந்தார். அது ஏறத்தாழ 20,000 சுட்டிகளாகப் பெருகியபோது, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓரிரு சொற்களில் அடையாளம் எழுதிவைத்தால் தேடுவது எளிது என்று கண்டார். அந்த அடையாளங்களே குறிச்சொற்கள். மக்ஸ்வே என்ற பெயரில் தம் சுட்டிகளுக்கு மட்டும் நடத்திவந்ததை எல்லோரும் சேமிக்கும்படி திறந்துவிட்டு, 2003இல் டெலிஷியஸைத் தொடங்கினார். ஒரு பக்கத்துக்கு எத்தனை குறிச்சொல் வேண்டுமானாலும் இடலாம். சொற்பட்டியலை வகுத்துக் கொடுக்க மேலே யாரும் கிடையாது. இப்படி மக்களே வகைப்படுத்தும் முறைக்கு 2004இல் தாமஸ் வாண்டர் வால் 'ஃபோக்சானமி' என்று பெயரிட்டார். 2005 டிசம்பரில் யாகூ டெலிஷியஸை வாங்கியது. 2008 முடிவில் தன்னிடம் 53 லட்சம் பயனர்களும் 18 கோடி தனித்தனி முகவரிகளும் இருப்பதாக டெலிஷியஸ் சொன்னது.

டெலிஷியஸ் வழியாக வாசகர் வந்து சேர்ந்த விதம் சுவையானது. ஒரு வலைப்பதிவை ஒருவர் சேமித்து, 'தட்டச்சு' என்றோ 'வானியல்' என்றோ குறிச்சொல் இட்டால், அந்தச் சொல்லுக்கான பக்கத்தில் அது உடனே தோன்றும். ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும், ஒவ்வொரு பயனருக்கும் புதியவற்றைத் தானாகக் கொண்டுதரும் தனித்தனி ஆர்எஸ்எஸ் ஓடை உண்டு. அந்தத் துறையில் ஆர்வமுள்ளவர்கள் அந்த ஓடையைத் தங்கள் செய்தியோடைப் படிப்பானில் சேர்த்திருப்பார்கள். குறுகிய நேரத்தில் பலர் சேமித்தால் பதிவு 'பாப்புலர்' பக்கத்துக்கு ஏறும். அன்றன்று சேமித்த சுட்டிகளைத் தொகுத்துச் சொந்த வலைப்பதிவிலேயே தானாக வெளியிடும் வசதியும் இருந்தது. அதனால் நல்ல வாசகர் வட்டம் கொண்ட ஒருவர் தனக்கென்று சேமித்து வைத்த சுட்டி, மறுநாள் அவருடைய வாசகர்கள் எல்லோருக்கும் போய்ச்சேர்ந்தது. எழுதியவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இவ்வழியில் வந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் துறை தெரிந்தவர்கள். பழைய இடுகைகளையும் புரட்டுவார்கள். செய்முறைக் குறிப்புகளும் நீண்ட விளக்கக் கட்டுரைகளும் அங்கே அதிகம் சேமிக்கப்பட்டதற்குக் காரணம் வெளிப்படை: பின்னால் தேவைப்படும் என்று தோன்றுவதைத்தானே மனிதர் எடுத்துவைப்பார்கள்.

2004 டிசம்பரில் கெவின் ரோஸும் கூட்டாளிகளும் தொடங்கிய டிக் வேறு ரகம். அங்கே சேமிப்புக்கு வேலையில்லை. ஒருவர் சுட்டியைப் போடுவார், மற்றவர்கள் ஓட்டளிப்பார்கள், ஓட்டு வேகமாகச் சேர்ந்தால் முகப்புக்கு வரும். முகப்பில் ஏறிய வலைப்பதிவுக்குச் சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் பாய்வார்கள். மலிவான வழங்கியில் இயங்கிய பதிவு அப்படியே முடங்கிவிடும். ஸ்லாஷ்டாட் செய்தித்தளம் ஏற்கெனவே உண்டாக்கியிருந்த இந்த விளைவுக்கு 'டிக் எஃபெக்ட்' என்ற பெயரும் சேர்ந்தது. காட்டாற்று வெள்ளம் போல வந்த அந்தக் கூட்டம் மறுநாளே வடிந்துவிடும். இடுகையை முழுதாகப் படித்தவர்களும் திரும்பி வந்தவர்களும் சொற்பம். 'பத்து வழிகள்' பாணித் தலைப்புகள் பதிவுலகில் பெருகியதற்கு டிக் முகப்பின் ஆசையும் ஒரு காரணம் என்றே சொல்ல வேண்டும். 2005இல் வந்த ரெடிட்டும் ஓட்டு முறையையே பின்பற்றியது. பின்னாளில் அது துறைவாரியான சிறு குழுக்களாகப் பிரிந்ததால், டிக்கைப் போலத் தேயாமல் நிலைத்தது.

கனடாவின் கால்கரியில் காரெட் கேம்ப்பும் நண்பர்களும் 2001இல் தொடங்கிய ஸ்டம்பிள்அப்பானில் பட்டியலே இல்லை. உலாவியின் கருவிப்பட்டையில் பொத்தானை அழுத்தினால், பயனரின் ஆர்வத்துக்கேற்ற ஏதோ ஒரு பக்கம் திறக்கும். ஓராண்டு பழைய இடுகைக்கும் திடீரென்று ஆள் வருவார்கள். 2007இல் ஈபே இதை 7.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2009இல் நிறுவனர்களே திரும்பப் பெற்றனர்.

வாசகர் வரவு புரிந்ததும் வணிகம் நுழைந்தது. ஒருவருக்கொருவர் ஓட்டுப் போடும் கூட்டணிகள் உருவாயின, பணத்துக்கு ஓட்டு விற்பவர்கள் வந்தார்கள், ஒரே சுட்டியை நூறு தளங்களில் தானாகப் பதிக்கும் மென்பொருள்கள் விற்றன. வாசகரைவிடத் தேடுபொறித் தரவரிசையே இவர்களின் குறி. எரிதச் சுட்டிகளைக் கட்டுப்படுத்த 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்எஸ்என் மூன்றும் அறிவித்த, ஒரு சுட்டியைத் தரவரிசைக் கணக்கில் சேர்க்காதபடி தேடுபொறிக்குச் சொல்லும் 'நோஃபாலோ' குறியைப் பகிர்வுத் தளங்களும் கையாளத் தொடங்கியபின், அந்த உழைப்பில் பெரும்பகுதி வீணானது. ஆனாலும் அந்த உழைப்பு நிற்கவில்லை.

தமிழ் வலைப்பதிவுலகில் புது வாசகர்களைக் கொண்டுசேர்க்கும் வேலையைத் திரட்டிகள் செய்தன. காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் அடிப்படையில் புதிய இடுகைகளைத் திரட்டிக் காட்டுவது. வாசகர் பரிந்துரைக்கும் ஓட்டுப்பட்டை அதில் பிறகு முக்கிய இடம் பெற்றது. டிக் முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்தது தமிழிஷ். பின்னாளில் அது இன்ட்லி என்று பெயர் மாறியது. இடுகையின் அடியில் ஓட்டுப்பட்டைகள் வரிசைகட்டி நின்ற காலம் அது. ஏழாவது தமிழ்மண ஓட்டைப் போட்டவர் மறுமொழியில் 'த.ம. 7' என்று எழுதிவிட்டுப் போவார். இடுகையைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது! நட்புக்கு ஓட்டு, ஓட்டுக்கு ஓட்டு என்ற பழக்கம் இங்கும் வேர்விட்டது. என்றாலும், தமிழில் யார் எழுதுகிறார்கள் என்று தேடிக் கண்டுபிடிப்பதே கடினமாக இருந்த நாளில், முன்பின் தெரியாத பதிவருக்கு முதல் வாசகர்களைக் கொடுத்தவை இவையே.

பெருந்தளங்களின் சரிவு 2010இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் டிக் தன் நான்காம் பதிப்பில் ஊடக நிறுவனங்கள் தம் செய்திகளைத் தாமே நேரடியாக ஏற்ற இடம்கொடுத்தது. கோபமடைந்த பயனர்கள் டிக் முகப்பை ரெடிட் சுட்டிகளால் நிரப்பிவிட்டு வெளியேறினர். 2012இல் டிக்கை பீட்டாவொர்க்ஸ் நிறுவனம் வாங்கியபோது விலை 5 லட்சம் டாலர் என்று செய்திகள் வந்தன. 2010 டிசம்பரில் யாகூவின் உள்கூட்டப் படவில்லை ஒன்று கசிந்து, டெலிஷியஸ் மூடவிருக்கும் சேவைகளின் வரிசையில் இருப்பதைக் காட்டியது. பயனர்கள் கூட்டமாகக் கிளம்பினர். அடுத்த ஆண்டு யூடியூப் நிறுவனர்களான சாட் ஹர்லி, ஸ்டீவ் சென் இருவரின் நிறுவனத்துக்கு அது கைமாறியது. அதன்பின்னும் சிலரிடம் போனது. இதற்கிடையே ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் சுட்டிப் பகிர்வைத் தமக்குள் இழுத்துக்கொண்டன. 2013 ஜூலையில் செய்தியோடைப் படிப்பானான கூகுள் ரீடர் மூடப்பட்டதோடு, குறிச்சொல் ஓடைகளைப் படித்தவர்களில் பலர் கலைந்தனர். ஸ்டம்பிள்அப்பான் 2018 ஜூன் 30 வரை தாக்குப்பிடித்தது.

தனக்கென்று சேமிக்கும் முறை சிறு அளவில் பிழைத்தது. மாசெய் செக்லோவ்ஸ்கி 2009இல் தொடங்கிய பின்போர்டு, பயனரிடம் கட்டணம் வாங்கியது, விளம்பரம் கிடையாது. டெலிஷியஸை விட்டு வந்தவர்களில் பலர் அங்கே குடியேறினர். 2017 ஜூனில் செக்லோவ்ஸ்கி டெலிஷியஸையே 35,000 டாலருக்கு வாங்கி, புதிதாக எதையும் சேமிக்க முடியாதபடி நிறுத்தினார். ஜப்பானில் 2005 பிப்ரவரியில் வந்த ஹதேனா புக்மார்க்கின் கதை வேறு. சேமிப்பவர் குறிச்சொல்லோடு ஒரு வரிக் கருத்தும் எழுதும் அத்தளம் இருபது ஆண்டு கடந்தும் நடக்கிறது. அங்கே மேலேறும் பட்டியலில் செய்தித்தாள் கட்டுரைகளுக்கு நடுவே தனியாள் வலைப்பதிவுகளும் இடம்பெறுகின்றன.