ஸ்கூபா காற்று உருளை

ஸ்கூபா காற்று உருளை என்பது நீருக்கடியில் மூழ்குபவர் சுவாசிக்கும் காற்றை உயர் அழுத்தத்தில் அடைத்துச் சுமந்து செல்லும் உலோகக் கலன் ஆகும். ஸ்கூபா டேங்க், சிலிண்டர் எனவும் இது அழைக்கப்படுகிறது. செய்திகளில் ஆக்சிஜன் சிலிண்டர் எனக் குறிப்பிடப்படுவதுண்டு. எனினும் இதில் வழக்கமாக அடைக்கப்படுவது ஏறத்தாழ 21% ஆக்சிஜன் கொண்ட, வடிகட்டிய சாதாரணக் காற்றே. தூய ஆக்சிஜனை சுமார் 6 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் சுவாசித்தால் வலிப்பு ஏற்படக்கூடும்.

வரலாறு

மூழ்குபவரின் தேவைக்கேற்பக் காற்றை அளிக்கும் கருவியை பிரான்சைச் சேர்ந்த ழாக் கூஸ்தோ, எமில் கன்யான் ஆகியோர் 1943 இல் உருவாக்கினர். தூத்துக்குடியில் முத்தும் சங்கும் எடுத்தோர் மரபாக மூச்சையடக்கியே மூழ்கினர். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் ஆகியோர் தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள கடலடியை நேரில் மூழ்கி ஆராய்ந்து 1960களில் கட்டுரைகள் வெளியிட்டனர். இன்று மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்க ஸ்கூபா பயன்படுகிறது.

புதிய உருளையை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

நிரப்பிய உருளையின் உட்சுவரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 200 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை செயல்படுகிறது. எனவே வண்ணப்பூச்சையும் விலையையும் விடத் தோள்பகுதியில் பொறிக்கப்பட்ட முத்திரைகளே முதலில் பார்க்கத்தக்கவை.

முத்திரைகள்: உற்பத்தியாளர் குறி, வரிசை எண், தர நிர்ணயம், கொள்ளளவு, வெற்று எடை, பயன்பாட்டு அழுத்தம், சோதனை அழுத்தம், சோதனை நடந்த மாதமும் ஆண்டும் ஆகியவை தெளிவாக இருத்தல் வேண்டும். அடுத்த நீரழுத்தச் சோதனைக்கான காலம் வாங்கிய நாளிலிருந்து அல்ல, பொறிக்கப்பட்ட நாளிலிருந்தே கணக்கிடப்படும். பல நாடுகளில் இது 5 ஆண்டுகள். ஆகவே கடையில் நெடுநாள் கிடந்த உருளை, பயன்படாமலேயே தன் காலத்தில் ஒரு பகுதியை இழந்திருக்கும்.

உலோகம்: உருளைகள் எஃகு அல்லது அலுமினியக் கலப்புலோகத்தால் செய்யப்படுகின்றன. அலுமினிய உருளை காற்று தீரத் தீர மிதக்க முற்படுவதால் இடுப்பில் கூடுதல் ஈயம் தேவைப்படும். எஃகு உருளை பெரும்பாலும் காலியானபின்னும் மூழ்கும், ஆனால் துருப்பிடிக்கும். 6351 என்ற பழைய அலுமினியக் கலப்புலோகத்தில் கழுத்துப் பகுதியில் விரிசல்கள் காணப்பட்டதால், பிற்காலத்தில் 6061 வகை பயன்பாட்டுக்கு வந்தது.

கொள்ளளவு: 12 லிட்டர் உருளையில் 200 பார் அழுத்தத்தில் சுமார் 2400 லிட்டர் காற்று அடங்கும். மேற்பரப்பில் நிமிடத்திற்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு, அழுத்தம் மும்மடங்காகும் 20 மீட்டர் ஆழத்தில் 60 லிட்டர் தேவை. 50 பார் காற்றை இருப்பாக ஒதுக்கினால் அங்கு 30 நிமிடங்களே கிட்டும்.

வால்வு: யோக் வகை இணைப்பு 232 பார் வரையிலும், டின் வகையில் நீண்ட மரையுடையது 300 பார் வரையிலும் பயன்படும். மூழ்குபவரின் ரெகுலேட்டருக்கு இது பொருந்த வேண்டும். உருளையின் கழுத்து மரையும் வால்வின் மரையும் ஒரே வகையாக இருப்பது இன்றியமையாதது. ஒன்றுபோல் தோன்றும் இருவேறு மரைகளைப் பொருத்தினால், அழுத்தத்தில் வால்வு பிய்த்தெறியப்பட்டு உயிரிழப்பு நேரலாம்.

உட்புறம்: வால்வைக் கழற்றி விளக்கொளியில் பார்க்கும்போது ஈரம், எண்ணெய், துரு இருத்தல் கூடாது. இரும்பு துருப்பிடிக்கையில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். எனவே ஈரம் புகுந்த எஃகு உருளையில் நெடுநாள் அடைபட்ட காற்று சுவாசிக்கத் தகாததாகலாம். இச்சோதனையைப் பயிற்சி பெற்றவரே, உருளையின் அழுத்தத்தை முழுதும் நீக்கியபின் செய்ய வேண்டும்.

இந்திய விதிகள்

இந்தியாவில் 1884 ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் அமைந்த 2016 ஆம் ஆண்டு வளிம உருளை விதிகள் இவற்றிற்குப் பொருந்தும். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இவ்விதிகளைச் செயற்படுத்துகிறது. முதன்மை வெடிபொருள் கட்டுப்பாட்டாளரின் ஒப்புதல் பெற்ற வகை உருளைகளையே இறக்குமதி செய்யவும், வைத்திருக்கவும், நிரப்பவும் இயலும். வெளிநாட்டில் தரமானதாக விற்கப்படும் உருளையும் இவ்வொப்புதல் இல்லையெனில் இங்கு சட்டப்படி நிரப்பத்தக்கதன்று. ஆதலால் விற்பனையாளரிடம் ஒப்புதல் ஆவணத்தையும் சோதனைச் சான்றிதழையும் பெற்று, அவற்றிலுள்ள வரிசை எண்ணை உருளையில் பொறித்த எண்ணோடு ஒப்பிட்டபின் வாங்குதல் நன்று.