புதுச்சேரிக் கிராமப்புறக் கொம்யூன்களில் தகவல் மையங்கள்: கணினிவழித் தமிழ் ஆவணங்களின் வரலாறும் மீட்பும்

ஆய்வுச்சுருக்கம்

1998-ஆம் ஆண்டில் வில்லியனூரை மையமாகக் கொண்டு புதுச்சேரிக் கிராமங்களில் தொடங்கப்பட்ட தகவல் கிராமத் திட்டம், இந்தியக் கிராமப்புறங்களில் கணினியும் இணையமும் அன்றாடக் கருவிகளாகப் புகுந்த வரலாற்றில் தொடக்க நிலையைச் சார்ந்ததாகும். அம்முயற்சியின் பயன், இணையத்தில் கிடைத்த செய்தியை ஊர் மொழிக்கும் ஊர் வழக்கத்திற்கும் மாற்றித் தந்த தன்னார்வலர்களின் உழைப்பில் தங்கியிருந்தது என இக்கட்டுரை வாதிடுகிறது. அக்காலத் தமிழ்க் கோப்புகள் ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக் குறியாக்கங்களில் அமைந்தமையால் படிக்க இயலாமற்போகும் நிலையையும், லினக்ஸ் மேசைக்கணினியில் கிடைக்கும் கட்டற்ற கருவிகளால் அவற்றை மீட்கும் நெறியையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வில்லியனூர், பாகூர், தகவல் கிராமம், எழுத்துருக் குறியாக்கம், ஒருங்குறி, லினக்ஸ், மின்னாவணக் காப்பு.

முன்னுரை

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் பாகூர்ச் செப்பேடுகள், அவ்வூரிலிருந்த வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டின் அந்த ஆவணத்தை இன்றும் நம்மால் படிக்க முடிகிறது. அதே நிலப்பகுதியில் கால் நூற்றாண்டுக்கு முன்பு கணினியில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ்க் கோப்பு ஒன்றை இன்றைய கணினியில் திறந்தால், பெரும்பாலும் பொருளற்ற உரோமன் குறிகளே திரையில் தோன்றும். கோப்பில் எழுத்து அழிந்துவிடவில்லை. அதைப் படிக்கும் வழியே மறைந்துள்ளது. அண்மைக்கால வரலாற்றை எழுத முனைவோர் எதிர்கொள்ளவேண்டிய இச்சிக்கலை, புதுச்சேரியின் கிராமப்புற அனுபவத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

கொம்யூன் என்னும் களம்

புதுச்சேரிப் பகுதியின் கிராமப்புறம் அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளாக அமைந்துள்ளது. கொம்யூன் என்னும் ஆட்சிப் பிரிவு, 1880-ஆம் ஆண்டுப் பிரெஞ்சு ஆணையின் வழிவந்ததாகும். இக்கொம்யூன்களின் நிலம் ஒரே தொடர்ச்சியாக இல்லை. தமிழ்நாட்டு ஊர்களுடன் பின்னிக் கிடக்கிறது. ஒரு சாலையின் இருபுறமும் வெவ்வேறு அரசுகளின் ஆட்சி நிலவும் இடங்கள் உண்டு.

இவ்வமைப்பு தகவல் வரலாற்றில் கருதத்தக்கது. தமிழ்நாட்டு நாளிதழிலும் வானொலியிலும் வரும் அரசுத் திட்ட அறிவிப்பு பாகூர் உழவருக்குப் பொருந்தாமற்போகலாம். பேசும் மொழி ஒன்றாயினும் விண்ணப்பிக்கும் அலுவலகம் வேறு. ஆகவே இக்கிராமங்களுக்குத் தேவைப்பட்டது பொதுவான தமிழ்ச் செய்தி மட்டுமன்று. அந்தந்த ஊருக்கு உரிய செய்தியுமாகும்.

வில்லியனூர் மையமும் கிராமத் தன்னார்வலர்களும்

1988-இல் சென்னையில் நிறுவப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியுடன் 1998-இல் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் நடுவ மையமாக விளங்கியது. கீழூர், ஏம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் கிராம மையங்கள் செயல்பட்டன. இவற்றுள் கீழூர், புதுச்சேரி இந்திய ஒன்றியத்துடன் இணைவது குறித்து 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்த ஊராகும்.

தொலைபேசி இணைப்பு எல்லா ஊர்களிலும் நம்பத்தக்கதாக இல்லாத காலம் அது. எனவே கம்பிவழி இணைப்பும் வானலை இணைப்பும் கலந்த வலையமைப்பு உருவாக்கப்பட்டது. மின்தடையைச் சமாளிக்கச் சூரிய மின்கலங்கள் பொருத்தப்பட்டன. வில்லியனூரில் இணையத்திலிருந்தும் அரசுத் துறைகளிலிருந்தும் திரட்டப்பட்ட செய்தி தமிழாக்கப்பட்டு ஊர்களுக்கு அனுப்பப்பட்டது. விளைபொருள் விலை, இடுபொருள் கிடைக்கும் இடம், மருத்துவ வசதி, அரசு நலத்திட்டங்கள் முதலியன இதில் அடங்கும்.

கிராம மையத்திற்கான அறையை ஊரே வாடகையின்றித் தரவேண்டும் என்பதும், சாதி வேறுபாடின்றி அனைவரும் அங்கு வந்துசெல்ல இடமிருக்கவேண்டும் என்பதும் திட்டத்தின் நிபந்தனைகளாக இருந்தன. ஏம்பலத்தில் கோயிலைச் சார்ந்த அறையில் மையம் இயங்கியது. மையங்களை நடத்திய தன்னார்வலர்களுள் பெண்கள் மிகுதி. 'நம்ம ஊர் செய்தி' என்னும் இதழும் இத்திட்டத்தின் வழியே வெளிவந்தது. இத்திட்டம் 2001-இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதைப் பெற்றது.

திரையிலிருந்து ஒலிபெருக்கிக்கு

கடலோர ஊரான வீராம்பட்டினத்தின் அனுபவம் இத்திட்டத்தின் இயங்குமுறையைத் தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் வெளியிட்ட அலை உயர முன்னறிவிப்பு வில்லியனூரில் பதிவிறக்கப்பட்டது, தமிழாக்கப்பட்டது, வீராம்பட்டினத்திற்கு அனுப்பப்பட்டு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. மீனவர் கணினியைத் தொடவேண்டிய தேவை இருக்கவில்லை. வலையைச் சீர்செய்துகொண்டே அவர் அச்செய்தியைக் கேட்க முடிந்தது. வேற்று நாட்டுக் கப்பல்களுக்கென உருவான தரவு, கட்டுமரத்தில் செல்வோருக்குப் பயன்பட்டது இந்த மாற்றத்தால்தான்.

2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தில் நிகழ்ந்ததும் இவ்வகையதே. சிங்கப்பூரில் பணியாற்றிய அவ்வூர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை விடுத்தார். அச்செய்தி ஊர்த் தகவல் மையத்தின் ஒலிபெருக்கி வழியாக அறிவிக்கப்பட்டது. மக்கள் கரையைவிட்டு வெளியேறி உயிர் தப்பினர். அன்று ஊரைக் காத்தது இணையம் அன்று. ஒரு தொலைபேசி அழைப்பும் ஒலிபெருக்கியுமே. எனினும் அறிவிப்பைக் கேட்டவுடன் நம்பிச் செயற்படும் பழக்கம், மையங்களின் அன்றாட அறிவிப்புகளால் வலுப்பெற்றிருக்க வேண்டும் எனக் கருத இடமுண்டு.

இவ்விரு நிகழ்வுகளிலும் பயன் விளைந்தது கருவியின் கடைசிப் படியில், அதாவது செய்தி ஊர்க்குரலாக மாறிய இடத்தில் ஆகும். வரலாற்றாளருக்குரிய சிக்கலும் அங்கேதான் எழுகிறது. ஒலிபெருக்கி அறிவிப்பு காற்றோடு போயிற்று. கரும்பலகையில் எழுதியது மறுநாள் துடைக்கப்பட்டது. தன்னார்வலர்களின் உழைப்புக்குச் சான்றாக எஞ்சக்கூடியவை அச்சிட்ட தாள்களும் கணினிக் கோப்புகளுமே.

எழுத்துருச் சிக்கல்

தமிழ் எழுத்துகளுக்கு 1991-இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே இடம் வழங்கப்பட்டது. ஆயினும் விண்டோஸ் இயங்குதளத்தில் தமிழ் ஒருங்குறிக்கான ஆதரவு விண்டோஸ் 2000 பதிப்பில்தான் வந்தது. 1998-இல் பரவலாக இருந்த கணினிகளில் தமிழைத் தட்டச்சு செய்ய, உரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்களே வழியாக இருந்தன. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வரிசையைப் பின்பற்றியது. இக்குழப்பத்தை நீக்கவே, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. இணையத் தமிழர் குழுக்களிடையே திஸ்கி என்னும் குறியாக்கமும் வழங்கிவந்தது.

'கொம்யூன்' என்னும் சொல்லின் முதலெழுத்தைச் சான்றாகக் கொள்ளலாம். எழுத்துருக் குறியாக்கத்தில் அது கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் என மூன்று குறிகளாகச் சேமிக்கப்படும். ஒருங்குறியிலோ முதலில் ககரமும் அடுத்து ஒகர உயிர்க்குறியும் என இரண்டே குறிகள். ஆகவே பழைய கோப்பை மாற்றுவது குறிக்குக் குறி இடமாற்றம் செய்வதன்று. வரிசையையும் திருத்தியமைக்க வேண்டும்.

லினக்ஸ் மேசைக்கணினியும் மீட்பு நெறியும்

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருநிரலும் அதன் மேல் அமைந்த கேடீஈ, குனோம் திரைச்சூழல்களும் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், தமிழகத் தன்னார்வலர்களின் மொழிபெயர்ப்பால் தமிழ் பேசத் தொடங்கின. சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளியாயிற்று. 2011-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி அது மாணவர் கைக்குச் சென்றது. 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. இதுவும் வில்லியனூர்த் தன்னார்வலர்களின் பணியைப் போன்றதே: வேற்றிடத்தில் உருவான கருவியை ஊர் மொழிக்குக் கொணர்வது.

பழைய தமிழ்க் கோப்புகள் கிடைக்கப்பெறும் ஆய்வாளர், எவ்வித உரிமக் கட்டணமுமின்றிப் பின்வரும் நெறியைப் பின்பற்றலாம். முதலாவதாக, மூலக் கோப்பைத் தொடாமல் படியெடுத்து, எஸ்.எச்.ஏ.-256 சரிபார்ப்புக் குறியைக் கணக்கிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கோப்பு பின்னாளில் மாறவில்லை என்பதற்கு அதுவே சான்று. இரண்டாவதாக, லிபர் ஆபிஸ் செயலியில் கோப்பைத் திறந்து எழுத்துருவின் பெயரை அறியவேண்டும். பழைய வேர்டு கோப்புகளையும், அக்கால அச்சுப்பணியில் வழங்கிய பேஜ்மேக்கரின் பிற்காலப் பதிப்புக் கோப்புகளையும் அது திறக்கும். எழுத்துருவின் பெயரே குறியாக்கத்திற்கான முதல் தடயமாதலால், எழுத்துருவை மாற்றிச் சேமித்துவிடலாகாது.

மூன்றாவதாக, கோப்பை எளிய உரையாகச் சேமிக்கும்போது மேற்கு ஐரோப்பிய (விண்டோஸ்-1252) குறியாக்கத்தைத் தெரிவு செய்யவேண்டும். ஒருங்குறியைத் தெரிவு செய்தால் உரோமன் குறிகள் அப்படியே நிலைத்துவிடும். கோப்பு திஸ்கியில் அமைந்ததாயின், லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் முன்பே நிறுவப்பட்டுள்ள ஐகான்வ் என்னும் மாற்றி அதை நேரடியாக ஒருங்குறிக்கு மாற்றும். டாம், டாப், பாமினி முதலியவற்றுக்கு ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நிரலகம் உதவும். கோப்பு முழுவதையும் மாற்றுமுன், ஊர்ப்பெயர்கள் அடங்கிய ஒரு பத்தியை மட்டும் மாற்றிப் பார்ப்பது நன்று. 'ஏம்பலம்', 'கீழூர்' ஆகியன சரியாக வந்தால் குறியாக்கம் பொருந்தியது எனக் கொள்ளலாம்.

கோப்பு கிடைக்காமல் அச்சிட்ட தாள் மட்டும் எஞ்சியிருப்பின், தாளை வருடிப் படமாக்கி டெசராக்ட் எழுத்துணரியைக் கொண்டு உரையாக்கலாம். பழைய அச்சில் ணகர, னகர மயக்கமும் புள்ளி விடுபடுதலும் நேர்வதால் மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது. திருத்தங்களைத் தமிழ்99 விசைப்பலகையில் செய்யலாம். லினக்ஸ் அமைப்புகளில் அது ஐபஸ் உள்ளீட்டு முறையில் கிடைக்கிறது. இறுதியாக மூலக் கோப்பு, மாற்றிய உரை, மாற்றிய முறை பற்றிய குறிப்பு ஆகிய மூன்றையும் ஒருசேரக் காக்கவேண்டும். கல்வெட்டாய்வில் மைப்படியையும் வாசிப்பையும் தனித்தனியே பேணும் மரபுடன் இது ஒப்பிடத்தக்கது.

நலத்திட்டப் பயனாளிகள் பட்டியல் போன்ற கோப்புகளில் தனிமனிதர் விவரங்கள் இடம்பெறக்கூடும். அவற்றை இணையவழி மாற்றித் தளங்களில் பதிவேற்றுவதைத் தவிர்த்து, தம் கணினியிலேயே மாற்றிக்கொள்வது ஆய்வறத்திற்கு உகந்தது.

முடிவுரை

தகவல் கிராமத் திட்டம் பற்றிய எழுத்துகளுள் ஆங்கிலத்தில் வெளிவந்த அறிக்கைகளே ஆய்வாளருக்கு எளிதில் கிட்டுகின்றன. அவை திட்டத்தின் நோக்கத்தையும் விளைவையும் கூறுவன. அன்றாடம் எது மொழிபெயர்க்கப்பட்டது, எச்சொல் தெரிவு செய்யப்பட்டது, எது விடப்பட்டது என்பவற்றைக் கூறவல்லவை கிராமப் பெண்கள் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகளாகும். அவை படிக்கப்படாவிடின், அவ்வரலாறு நிதி தந்தோரின் குரலில் மட்டுமே எழுதப்படும்.

பாகூர்ச் செப்பேடுகள் நம்மை வந்தடைந்தமைக்குச் செம்பின் உறுதி மட்டும் காரணமன்று. பழைய எழுத்தைப் படிக்கும் பயிற்சி கைமாறி வந்ததும் காரணமாகும். எழுத்துருக் குறியாக்கங்களைப் படிக்கும் பயிற்சியும் அவ்வாறே கைமாறவேண்டும். தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை ஆய்வு நெறிமுறைப் பாடங்களில் கல்வெட்டு, சுவடி வாசிப்புடன் பழைய மின்கோப்பு வாசிப்பையும் சேர்ப்பதற்கான காலம் வந்துள்ளது. கோப்புகளைத் தட்டச்சு செய்தோர் நம்மிடையே வாழும்போதே அப்பணியைத் தொடங்கினால், ஐயமுள்ள இடங்களை அவர்களிடமே கேட்டுத் தெளியலாம்.