இணையவழிக் கருத்தறிதல்

ஒரு நிறுவனத்தைப் பற்றி அதன் வாடிக்கையாளர்களும் பணியாளர்களும் என்ன நினைக்கிறார்கள் என்பதை இணையப் படிவம், மின்னஞ்சல், குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், செயலி ஆகியவற்றின் வழியே கேட்டுத் தொகுப்பது இணையவழிக் கருத்தறிதல் எனப்படும். ஓட்டல் மேசையில் இருந்த கருத்து அட்டையும் தொழிற்சாலையில் மாட்டியிருந்த ஆலோசனைப் பெட்டியும் முன்பு இந்த வேலையைச் செய்தன. கேட்பதற்கான செலவை இணையம் வெகுவாகக் குறைத்துவிட்டது. மனதில் உள்ளதைச் சொல்லவைப்பது இன்றும் கடினமாகத்தான் இருக்கிறது.

'முழுமையாக ஏற்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து படிகளில் விடை கேட்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் வகுத்தார். இன்றைய படிவங்களில் பல அதன் வழிவந்தவை. 1999-இல் ரயன் ஃபின்லி இணையக் கருத்தறிதல் சேவையான சர்வேமங்கியைத் தொடங்கினார். 2002-இல் யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரில் அதே துறையின் குவால்ட்ரிக்ஸ் நிறுவனம் பிறந்தது. அதை 800 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2018-இல் மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி அறிவித்தது. 2008-இல் கூகுள் ஃபார்ம்ஸ் வந்தபின் சிறு கடைக்காரர்கூடக் காசில்லாமல் படிவம் தயாரிக்க முடிந்தது. 2010-இல் சென்னையில் தொடங்கிய வாடிக்கையாளர் சேவை மென்பொருளான ஃபிரெஷ்டெஸ்க், புகார் தீர்ந்த கையோடு 'திருப்தியா?' என்று கேட்கும் வசதியைப் புகார்ப் பதிவோடு சேர்த்துத் தருகிறது. ஸோஹோ நிறுவனத்திடமும் கருத்தறிதலுக்கெனத் தனி மென்பொருள் உண்டு.

பரவலாகப் புழங்கும் அளவுகோல், ஃபிரெட் ரைக்கெல்ட் 2003-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் முன்வைத்த 'நெட் புரமோட்டர் ஸ்கோர்'. 'எங்களைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா?' என்பது கேள்வி. விடை 0 முதல் 10 வரை. 9, 10 போட்டவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை போட்டவர்களின் சதவீதத்தைக் கழிக்க வேண்டும். 200 பேர் பதில் தந்து, அவர்களில் 110 பேர் 9 அல்லது 10-உம், 60 பேர் 7 அல்லது 8-உம், 30 பேர் அதற்குக் கீழும் போட்டிருந்தால், 55-இல் 15 போக மதிப்பெண் 40. கணக்கு எளிது, குறையும் அங்கேதான். கடும் கோபத்தில் 0 போட்ட ஒருவரை அடுத்த முறை 6 போடும் அளவுக்குச் சமாதானப்படுத்தினாலும் மதிப்பெண் அசையாது.

கேள்வி இடத்துக்குப் பொருந்தவும் வேண்டும். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2013 முதல் நோயாளிகளிடம் இந்தச் சிகிச்சைப் பிரிவை நண்பருக்கும் உறவினருக்கும் பரிந்துரைப்பீர்களா என்று கேட்டுவந்தது. அவசரச் சிகிச்சைக்கு யாரும் பரிந்துரை கேட்டுப் போவதில்லை. 2020-இல் அந்தக் கேள்வி கைவிடப்பட்டு, 'உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?' என்ற பொருளில் மாற்றப்பட்டது.

மதிப்பெண்ணை ஊழியரின் ஊக்கத்தொகையோடு கட்டிப்போட்டால் அளவையே கெட்டுவிடும். சர்வீஸ் முடிந்து வண்டியை ஒப்படைக்கும்போதே, "சார், கம்பெனியிலிருந்து மெசேஜ் வரும், பத்துக்குப் பத்து போட்டுடுங்க" என்று கெஞ்சும் நிலைக்கு அவரைத் தள்ளுவது நிர்வாகம்தான்.

பதில் தராதவர்களின் மௌனம் இன்னொரு சிக்கல். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஏறத்தாழ 1 கோடி அஞ்சல் வாக்குச்சீட்டுகள் அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் பெற்று, லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். யாரிடம் கேட்டார்கள், அவர்களில் யார் பதில் போட்டார்கள் என்ற இரண்டிலும் சாய்வு இருந்தது. செயலி வழியே மட்டும் கருத்துக் கேட்கும் நிறுவனம், செயலி பயன்படுத்தாத முதியவரை அதே போலத் தவறவிடுகிறது.

பணியாளர் கருத்தறிதலில் அச்சமே முதல் தடை. படிவத்தில் பெயர் கேட்காததால் மட்டும் ஆளை மறைத்துவிட முடியாது. ஒவ்வொருவருக்கும் தனி இணைப்பு அனுப்பினால், யார் எதை நிரப்பினார் என்று கணினிக்குத் தெரியும். பொதுவான இணைப்பாக இருந்தாலும் துறை, பாலினம், வயது, பணிக்காலம் நான்கையும் கேட்டுவிட்டால், ஆறு பேர் உள்ள கணக்குப் பிரிவில் நாற்பது வயதைத் தாண்டிய ஒரே பெண் யார் என்று மேலாளர் நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அதனால்தான் நல்ல மென்பொருள்கள் ஐந்து அல்லது பத்துப் பேருக்குக் குறைவான குழுவின் முடிவைத் தனியே காட்டுவதில்லை. எழுத்தில் தரும் கருத்துகளுக்கு இந்தக் காப்பும் போதாது. நடையே ஆளைக் காட்டிக்கொடுக்கும். அவற்றை மேலாளருக்கு அப்படியே அனுப்பாமல் சாரமாகத் தொகுத்துத் தருவதே முறை.

அந்த எழுத்துக் கருத்துகளில்தான் பயனுள்ள செய்தி அதிகம். கணினியைக் கொண்டு அவற்றை வகைப்படுத்துகிறார்கள். ஆனால் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, இடையிடையே ஆங்கிலமும் கலக்கும் பழக்கம் இந்த வேலையைச் சிக்கலாக்குகிறது. 'சர்வீஸ் நல்லாத்தான் இருக்கு, ஆனா...' என்ற வரியில் குறை எங்கே தொடங்குகிறது என்று தமிழர் யாருக்கும் தெரியும். சொற்களை எண்ணும் மென்பொருள் அதைப் பாராட்டாகக் கணக்கிடலாம்.

இந்தியாவில் இணைய விமர்சனங்களைத் திரட்டி வெளியிடுவதற்கான நெறிகளை ஐஎஸ் 19000:2022 என்ற தரக்குறியீடு வகுக்கிறது. பதிலளிப்போருடையது உட்பட, தனிப்பட்ட விவரங்களைக் கையாள்வது குறித்து 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.